பட்டில் அச்சான பிழை

வீரபத்திரனுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், இங்கிலீஷ் தெரியாது. ஓரிக்கைச் சேரியில் பிறந்தவன். பாதிரிமார் பள்ளியில் இருபத்தாறு எழுத்தையும் கற்றதோடு அவன் படிப்பு நின்றுவிட்டது. அப்பனும் அண்ணனும் அடுத்தவர் வயலில் சேற்றை மிதித்துக்கொண்டிருந்தபோது, அவன் பெரிய காஞ்சிபுரத்தில் ராஜவேலு முதலியாரின் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்குச் சேர்ந்தான். சேரி ஆளை வேலைக்கு வைத்தது பற்றிச் சிலர் முகம் சுளித்தார்கள். "அர்த்தம் தெரிஞ்சவன் அவசரத்துல ஊகம் பண்ணிக் கோப்பான். இவன் பார்த்ததை மட்டும் கோப்பான்" என்று சொல்லி முதலியார் அவர்கள் வாயை அடைத்தார். அவன் கோத்ததில் பிழை காண்பது அரிதாகத்தான் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் கலெக்டர் துரை ஊருக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. கள்ளுக்கடை மறியலில் பலர் கைதாகியிருந்த சமயம் அது. கதர் கட்டியவன் தெருவில் நடந்தால் பின்னால் ஒரு போலீஸ்காரன் நடந்தான். பொல்லாத ஒரு வரியை அச்சிட்டுவிட்டால் அச்சுக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்று முதலியார் பயந்துகொண்டிருந்தார். வரவேற்புக் குழுவுக்குத் தலைவர் சின்ன காஞ்சிபுரம் சக்ரவர்த்தி ஐயங்கார். வரவேற்புப் பத்திரத்தை இங்கிலீஷில் எழுதி, சந்தன நிறப் பட்டில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். அதற்கென்றே சரிகைக் கரை போட்டு ஒரு துண்டு நெய்து வந்தது. அந்த ஒரு துண்டுதான்.

வீரபத்திரன் எழுத்துக் கோத்தான். பிழை திருத்தும் பராங்குசம் புரூப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். முதலியாரே பட்டை எடுத்துப் போய் ஐயங்கார் வீட்டில் ஒப்படைத்தார்.

மறுநாள், விழாவன்று, உச்சிப்பொழுதில் வீரபத்திரன் அந்த ஈய எழுத்துகளைப் பிரித்து, எழுத்துப் பெட்டியின் அறைகளில் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான். கோயில் நோட்டீசுகளில் அடிக்கடி வரும் ஒரு சொல் கைக்கு வந்தது. பழக்கத்தில் எஸ்ஸைப் போட்டுவிட்டு ஏ அறைப் பக்கம் கையை நீட்டினான். விரலில் இருந்தது சி. அதற்குப் பின்னால்தான் ஏ.

ஆணியில் தொங்கிய மூலப் பிரதியை எடுத்துப் பார்த்தான். அதில் ஏ முன்னால் இருந்தது.

"சாமி, எஸ், சி, ஏ, ஆர், இ, டி. இதுக்கு என்னா அர்த்தம்?" என்று பராங்குசத்தைக் கேட்டான்.

"'பயந்துபோன'ன்னு அர்த்தம். ஏன்?"

"சி-யும் ஏ-யும் மாறி இருந்தா?"

"'புனிதமான'ன்னு ஆகும்." சொல்லிவிட்டுப் பராங்குசம் நிமிர்ந்தான். அவன் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. 'எங்கள் புனித நகரம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பயந்துபோன எங்கள் நகரம்' என்று பட்டில் ஏறியிருந்தது. ஆறு எழுத்தும் அதே எழுத்து. அதனால்தான் அவன் கண்ணும் ஏமாந்திருந்தது.

"எழுத்தைப் பிரிச்சுட்டியோன்னோ? பேசாம இரு" என்றான் மெதுவாக. "துரை அதை வார்த்தை வார்த்தையா படிக்கப் போறாரா? என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு, வீரபத்ரா."

"படிச்சா?"

வேண்டுமென்றே செய்த கேலி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். யார் கோத்தது என்ற கேள்விதான் முதலில் வரும். முதலியார் பந்தல் வேலையாக ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தார், எங்கே என்று தேடுவது? வீரபத்திரன் மைக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே இறங்கினான்.

சின்ன காஞ்சிபுரம் வரை ஓட்டமும் நடையுமாகப் போனவன் ஐயங்கார் தெரு முனையில் நின்றுவிட்டான். அந்தத் தெருவில் அவன் ஆட்கள் யாரும் கால் வைத்ததில்லை. தகவல் சொல்லி அனுப்ப ஒரு முகமாவது தென்படுமா என்று பார்த்தான். வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே நடந்தான்.

பாதித் தெரு தாண்டுவதற்குள் ஒரு கதவு திறந்தது. "யாருடா அது? நில்லு."

நின்றான். வேறு வீடுகளிலும் தலைகள் தெரிந்தன. ஒருவர் கையில் தடியோடு படி இறங்கினார்.

"அச்சாபீஸ்லேர்ந்து வரேன். ஐயங்கார் சாமி ஊட்டுப் பட்டுல ஒரு தப்பு கீது. சொல்லிட்டுப் பூடறேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

ஐயங்கார் வீட்டு வாசலுக்கு அவருடைய மருமகள் ஜெயலக்ஷ்மி வந்தாள். மதராஸில் படித்தவள். "என்ன தப்பு?" என்றாள்.

"ரெண்டாவது வரி, அம்மா. எஸ்ஸுக்கு அடுத்தாப்ல ஏ வரணும். சி வந்துடுச்சு."

அவள் ஒரு கணம் உதட்டை அசைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே ஓடினாள். ஐயங்காரின் குரல் உள்ளிருந்து உயர்ந்தது. அவரே வெளியே வந்தார்.

"எந்தக் காங்கிரஸ்காரன் சொல்லிக் கொடுத்தான் உனக்கு?"

"யாரும் சொல்லல சாமி. என் கைதான் மாறிப் பூட்சு."

"அத்தனை பேர் முன்னாடி என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தியா?"

"வேணும்னு பண்ணினவன் தேடிண்டு வந்து சொல்லுவானா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஜெயலக்ஷ்மி கேட்டாள். ஐயங்கார் அவளைத் திரும்பிப் பார்த்தார். "இங்கேயே நில்லு" என்று அவனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

நடுத்தெருவில் நிழல் இல்லை. ஒரு மணி நேரம் ஆகியும் தடிக்காரர் நகரவில்லை. உள்ளே என்ன நடக்கிறது, யாருக்கு ஆள் போயிருக்கிறது, ஒன்றும் வீரபத்திரனுக்குத் தெரியவில்லை. ஓடிப் போகலாமா என்று நினைத்தான். ஓடினால் தப்பு செய்தவன் என்றே ஆகிவிடும். அப்போது தெரு முனையில் ஒரு சைக்கிள் திரும்பியது. ஐயங்காரைப் பந்தலுக்கு அழைத்துப் போக வந்த சப்-இன்ஸ்பெக்டர்.

"இவன் யாரு? இங்க என்னா பண்றான்?" என்று இறங்கிக் கேட்டார். தடிக்காரர் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. ஐயங்கார் பட்டு அங்கவஸ்திரத்தோடு நின்றார். வீரபத்திரனின் உயிர் அவர் நாக்கு நுனியில் இருந்தது.

"அச்சாபீஸ் ஆள்" என்றார் ஐயங்கார். "நான்தான் வரச் சொன்னேன்."

சப்-இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டு சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். வீரபத்திரன் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். முனை தாண்டிய பிறகுதான் இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

ஜெயலக்ஷ்மி சரிகை நூலால் அந்தச் சொல்லின் மேல் ஒரு தாமரை மொட்டைத் தைத்து மூடியிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. அந்தச் சொல் இல்லாமலும் வரி சரியாகவே நின்றது. துரை மொட்டைத் தடவிப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்றாராம்.

முதலியார் விஷயம் கேள்விப்பட்டுக் கொதித்துப்போனார். "எங்கிட்ட சொல்லாம அந்தத் தெருவுக்குள்ள போனியே, ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிருந்தா?" என்று திட்டினார். வேலையை விட்டு நிறுத்தத்தான் நினைத்தார். பராங்குசம் எழுந்து, "நானும்தான் பார்க்காம விட்டேன். கையெழுத்து என்னோடது" என்றான். வீரபத்திரன் அதை எதிர்பார்க்கவில்லை. இருவரையும் முதலியார் வைத்துக்கொண்டார். இனி இங்கிலீஷ் புரூபை எழுத்தெழுத்தாக ஒருவர் வாசிக்க, மற்றவர் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அப்படி வாசித்து வாசித்து வீரபத்திரனுக்கு அர்த்தங்களும் ஒட்டிக்கொண்டன. அவனைப் பயமுறுத்திய சொற்களை மட்டும் தனியாக நினைவில் வைத்திருந்தான். 'ஒன்றுபட்ட' என்பதற்கான யுனைடெட்டில் இரண்டு எழுத்து இடம் மாறினால் 'அவிழ்ந்த' என்றாகிவிடும். 'கேள்' என்பதற்கான லிசனும் 'பேசாத' என்பதற்கான சைலண்டும் ஒரே ஆறு எழுத்து. அவை வந்தால் கோத்து முடித்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பான்.

பின்னாளில் வாலாஜாபாத்தில் ஒரு அச்சுக்கூடத்துக்கு மேஸ்திரியாகப் போனான். ஐயங்கார் தெருவுக்குள் மறுபடி அவன் போகவில்லை. அன்று வெயிலில் நின்றதைப் பற்றி மனைவி எல்லம்மாள் கேட்டபோதெல்லாம், "தாகமா இருந்துச்சு" என்று மட்டும் சொல்வான்.