இரண்டு பர்னாந்து குடும்பங்கள்

எத்தனையோ ஊர்களில் படுத்தெழுந்துவிட்டேன். இன்று பெரும்பாறைப் பேருந்தில் நனைந்த காப்பிச் சாக்கின் வாடை அடித்ததும், இப்போது விடுதியாகிவிட்ட எஸ்டேட் கூலிக்காரர் குடியிருப்பு வரிசையான லயமும், எங்கள் ஒற்றை அறையை இரண்டாகப் பிரித்துத் தொங்கிய சாக்கும், அதற்கு அப்பால் சூசை இருமுவதும், இப்பால் அம்மா முணுமுணுப்பதும் நினைவுக்கு வந்து சேர்ந்தன.

அப்பாவும் சூசையும் வெவ்வேறு கடற்கரை ஊர்க்காரர்கள். அந்தக் கரையில் ஞானஸ்நானம் கொடுத்த போர்த்துகீசியர் ஊர் ஊராக விட்டுப்போன பர்னாந்து என்ற பெயர் இருவருக்கும் இருந்ததால், அண்ணன் தம்பி என்று முடிவுகட்டிய மேஸ்திரி இரண்டு குடும்பங்களையும் ஒரே அறையில் போட்டுவிட்டார்.

“எங்க கரையில பாதிப் பேரு பர்னாந்துதாங்க. இவரு எங்களுக்கு ஒறவே இல்ல” என்று அம்மா மாதம் தவறாமல் சொல்வாள்.

“பேரு வச்ச வெள்ளக்காரன்கிட்டப் போயி வேற ரூம் கேளு தாயி” என்பார் மேஸ்திரி.

அப்பா காய்ச்சலில் செத்த மறுவாரம், வேலையாள் இல்லாத குடும்பம் என்று எங்களைக் காலி செய்யச் சொல்லி மேஸ்திரி வந்து நின்றார். சூசை சாக்கை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

“எங்க அண்ணன் குடும்பம்ங்க. நான் இருக்கையில எங்க போவாக? இங்கனயே கெடக்கட்டும்.”

மேஸ்திரி அம்மாவிடம் திரும்பினார். “ஏம்மா, நெசந்தானா?”

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“கொழுந்தன்தாங்க” என்றாள்.