பட்டியலில் இல்லாத அட்டை

தேவமணிக்குக் கால் திரும்பி வந்தது, கை வரவில்லை. கழுத்தில் அடிபட்டவர்களில் சிலருக்கு அப்படி ஆகும். நடப்பார்கள், படி ஏறுவார்கள், டம்ளரைப் பிடிக்க முடியாது. பார்ப்பவர்களுக்கு இது புரியாது. "நல்லாத்தானே நடக்கறா, அப்புறம் என்னாவாம்?" என்பார்கள். மிஷன் ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் நான். இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல.

2009 ஜனவரியில் ஜூஜுவாடி அருகே ஒரு லாரி அவளுடைய ஸ்கூட்டரைத் தட்டிவிட்டு நிற்காமல் போனது. பெங்களூரில் நான்கு மாதம் படுத்திருந்தாள். வீட்டுக்கு வந்தபின் பகல் நேரத்துக்கு என்னை வைத்துக்கொண்டார்கள். அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கணவர் இறந்து ஆறு வருடம். மகள் வின்சி கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படித்தாள்.

மத்தூரிலிருந்து இருபத்திரண்டு வயதில் ஓசூருக்கு வந்தவள் தேவமணி. சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் பதினேழு வருடம் இன்ஸ்பெக்டர். மெஷினிலிருந்து வரும் பாகங்களை அளந்து, சரியானதை அனுப்பி, தப்பானதைத் திருப்புவது அவள் வேலை. அவள் திருப்பியதை மேலாளர் சொன்னாலும் அனுப்ப மாட்டாளாம். இதை அவளே பெருமையாக என்னிடம் சொன்னாள். நான் ஊட்டிய ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

ஆகஸ்டில் அவளுடைய மேற்பார்வையாளர் வெங்கடசாமி வீட்டுக்கு வந்தார். பாகலூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கையில் ஒரு லேப்டாப் பை.

"ஏம்மா, பாகுன்னாவா?" என்று தெலுங்கில் நலம் விசாரித்தார்.

"பாகுன்னானுங்க சார். பையில என்னா?"

வெளிநாட்டு அதிகாரி ஒருவர் விட்டுப்போன லேப்டாப் அது. திரையைத் தொட்டால் வேலை செய்யும். அப்போது ஓசூரில் அதைப் பலர் பார்த்ததே இல்லை. அளவு எடுக்கும் வேலை இனி தேவமணிக்கு முடியாது. ஆனால் மற்றவர்கள் எடுத்த அளவைச் சரிபார்த்து ரிப்போர்ட் ஏற்றும் வேலை இருக்கிறது. ஒரு மாதம் வீட்டில் பழகலாம். பிறகு கம்பெனியில் ஒரு நாள் சோதனை. ஒரு ஷிப்டில் நாற்பது ரிப்போர்ட் ஏற்றினால் வேலை உண்டு. இல்லையென்றால் உடல்தகுதி இல்லை என்று கடிதம்.

"நாப்பதா? அம்பது போடுவேன் சார்" என்றாள்.

அவர் போனபின் என்னிடம் திரும்பி, "வீட்லயே உக்கார வெச்சிட்டாங்கன்னா நான் யாரு சாந்தம்மா? வின்சிக்கு அம்மா, அவ்ளோதானே?" என்றாள். நோயாளியிடம் தெரியாததைச் சொல்லக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அவளுக்கு வலது ஆள்காட்டி விரல் ஒன்றுதான் சொன்னபடி கேட்டது. கீபோர்டின் விசையை அழுத்தும் பலம் அதற்கு இல்லை. திரையில் தொட முடிந்தது. திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டால் எழுத்துப் பலகை ஒன்று கீழிருந்து எழும்பும். அதில் எழுத்தெழுத்தாகத் தொடலாம். ஆனால் கையை அந்தரத்தில் தூக்கி நிறுத்த அவளால் முடியாது. திரையை முடிந்தமட்டும் பின்னால் சாய்த்து, அவளுடைய உள்ளங்கையைக் கீழே கீபோர்டின் மேல் வைத்தேன். விரல் திரைக்கு எட்டியது.

அங்கேதான் வினை. உள்ளங்கையின் பாரத்தில் ஏதாவது ஒரு விசை அழுந்தும். அழுந்தியதும் திரையில் இருந்த பலகை மறைந்துவிடும். மறுபடி கட்டத்தைத் தொட வேண்டும், பலகை வரும், இரண்டு எழுத்து ஆகும், கை அசையும், பலகை போய்விடும். முதல் நாள் மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு ரிப்போர்ட்.

கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் சுபாஷுக்குப் போன் செய்தேன்.

"கீபோர்டு இருக்கிற மெஷின்ல அது அப்பிடித்தாங்க இருக்கும். நீங்க கீழ தட்டுறீங்கன்னு நெனச்சி மேல இருக்கறத எடுத்துக்கும்."

"அவ தட்டலைப்பா. கையை வெச்சிருக்கா."

"அது அதுக்குத் தெரியாதுங்களே."

"கீழ இருக்கறத நிறுத்தி வைக்க முடியாதா?"

"கம்பெனி லாக் போட்டிருக்குங்க. பர்மிஷன் வாங்கணும். மெயில் போடச் சொல்லுங்க."

மெயில் போட்டாள். இரண்டு எழுத்துக்கு ஒருமுறை மறையும் பலகையில், ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து போட்டாள். பதில் வரவில்லை. கீபோர்டு இருந்தால் அதைத் தட்டக் கையும் இருக்கும் என்று எவனோ எங்கேயோ தீர்மானித்திருக்கிறான். அவனை நான் வார்டில் ஒரு வாரம் வைத்திருந்தால் போதும்.

பக்கத்துக் கடையில் பரீட்சை எழுதும் அட்டை ஒன்று வாங்கினேன். கீபோர்டு அளவுக்கு வெட்டினேன். என் பழைய ஹவாய் செருப்பை அறுத்து நாலு மூலைக்கும் ரப்பர் ஒட்டினேன். விசைகளுக்கு மேல், அவற்றைத் தொடாமல் அட்டை நின்றது. அதன்மேல் கையை வைத்தாள். பலகை மறையவில்லை.

சிரித்தாள். அடிபட்டபின் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "செருப்ப வெட்டிட்டீங்களே. இதெல்லாம் எங்க கம்பெனில டேபிள் மேல வெச்சா சிவப்புச் சீட்டுதான்" என்றாள்.

அவர்கள் கம்பெனியில் ஒவ்வொரு மேஜையிலும் என்னென்ன இருக்கலாம் என்று ஒரு பட்டியல் ஒட்டியிருக்குமாம். அதில் இல்லாத பொருள் இருந்தால் சிவப்புச் சீட்டுக் கட்டி அப்புறப்படுத்திவிடுவார்கள். அந்தப் பகுதிக்குச் சீட்டுக் கட்டும் பொறுப்பு எட்டு வருடம் தேவமணியிடம் இருந்தது. ஒரு பெண் முதுகுவலிக்குக் கொண்டுவந்த தலையணைக்குக்கூடக் கட்டினாளாம்.

"பாவமா இல்லையா?"

"ரூல்னா ரூல்தானே சாந்தம்மா."

செப்டம்பர் கடைசியில் வீட்டில் நாற்பத்தாறு ரிப்போர்ட் வரை வந்தாள். வியர்த்துப்போகும், தோள் துடிக்கும். ஒரு மணிக்கொருமுறை நான் கையைப் பிடித்து நீவிவிடுவேன். அவள் நிறுத்த மாட்டாள்.

சோதனை நாளன்று கம்பெனி பஸ்ஸில் நானும் போனேன். என்னை உள்ளே விடவில்லை. கேட்டில் காவலர் அறைக்கு வெளியே நாற்காலி போட்டார்கள். உள்ளே போகுமுன் அவளிடம், "அட்டையை யாராவது எடுக்கச் சொன்னா வெங்கடசாமியைக் கூப்பிடு" என்றேன். தலையாட்டினாள். அட்டை போட்டிருந்த பையையும் லேப்டாப்பையும் சத்யப்ரியா தூக்கிக்கொண்டாள். தேவமணியிடம் தொழில் பழகிய பெண் அது.

உள்ளே நடந்ததைச் சத்யப்ரியாதான் பிறகு சொன்னாள். ஒன்பது மணிவரை எல்லாம் சரியாக இருந்தது, எட்டு ரிப்போர்ட் ஆகியிருந்தது. அப்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள், எல்லோரும் மேஜையை ஒழுங்குபடுத்துங்கள் என்று. எல்லோரும் டீ டம்ளரையும் துணியையும் ஒளித்தார்கள். தேவமணி குனிந்து தன் மேஜையைப் பார்த்தாள். செருப்பு ரப்பர் ஒட்டிய அட்டை.

"இத எடுத்து டிராயர்ல வை."

"அக்கா, அது இல்லாம உங்களுக்கு..."

"லிஸ்ட்ல இல்லாத ஐட்டம்டி. என் டேபிள்லயே இருந்தா நல்லாவா இருக்கும்? எடு."

யாரும் எடுக்கச் சொல்லவில்லை. வெங்கடசாமி அந்தப் பக்கமே வரவில்லை. அவளேதான் எடுக்கவைத்தாள்.

பிறகு பலகை வருவதும் போவதுமாக இருந்தது. சத்யப்ரியா இரண்டு முறை டிராயரைத் திறந்தாள். "அவங்க போகட்டும்" என்று தேவமணி தடுத்துவிட்டாள். தணிக்கைக்காரர்கள் சாப்பாட்டு நேரம்வரை அலுவலக அறையில் பேசிக்கொண்டிருந்துவிட்டு, கிடங்கைப் பார்த்துவிட்டுக் காரேறிப் போனார்கள். இன்ஸ்பெக்ஷன் பகுதிக்கு வரவே இல்லை. அவர்கள் போனது இவளுக்கு இரண்டரை மணிக்குத்தான் தெரிந்தது. அதற்குள் கை மரத்துவிட்டது. அட்டையைத் திரும்ப வைத்தும் விரல் எழவில்லை. ஷிப்ட் முடிவில் பத்தொன்பது.

பஸ்ஸில் அவள் கையை என் மடியில் வைத்து நீவினேன். ஐஸ் மாதிரி இருந்தது.

"ஏன் எடுத்தே?"

"எட்டு வருசம் மத்தவங்களுது எடுத்தேனே."

"அதுக்கு?"

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் திட்டினேன். நோயாளியைத் திட்டக் கூடாதுதான். அன்றைக்குத் திட்டினேன். பேகேப்பள்ளி நிறுத்தம் வரை திட்டிக்கொண்டே வந்தேன். முன் இருக்கைக்காரன் திரும்பிப் பார்த்தான். அவனையும் திட்டினேன்.

பத்து நாளில் வெங்கடசாமி கடிதத்தோடு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "நான் எவ்ளோ சொல்லிப் பாத்தேன் தெரியுமாம்மா" என்றார். என்ன சொன்னார், யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் டீ குடிக்காமல் போய்விடுவார், வேறொன்றும் நடக்காது.

கடிதத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். மெதுவாகப் படித்தாள். கீழேவரை போய், மறுபடி மேலிருந்து படித்தாள்.

"சார், நான் சேர்ந்த தேதி தப்பு. தொண்ணூத்தி ரெண்டு. இதுல தொண்ணூத்தி மூணுன்னு இருக்குது."

"அது ஒண்ணும் இல்லம்மா, டைப்பிங்ல..."

"திருத்தி எடுத்துக்கிட்டு வாங்க. தப்பா இருக்கறத நான் வாங்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

மறுநாள் மாலை திருத்திக்கொண்டு வந்தார். கையெழுத்துப் போட முடியாது என்பதால் கூடவே மைப்பெட்டியும் கொண்டுவந்தார். அவள் மறுபடி முழுவதையும் படித்தாள். தேதி சரியாக இருந்தது. "இப்ப சரி" என்றாள். நான் அவளுடைய இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கி, அவள் பெயருக்கு நேரே வைத்தேன்.