இரண்டு சீட்டு வண்டியின் இடது பக்கம்

வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பழைய பிளாஸ்டிக்கின் மேல் கொஞ்ச நேரம் வைத்தால் ஒரு வாடை எழும்பும். காறிப்போன தேங்காயெண்ணெயும், மழைக்காலம் முழுக்கத் திறக்காத பீரோவும் சேர்ந்த மாதிரி இருக்கும். சின்ன வயதுக் கிறிஸ்மஸை நினைத்தால் மற்றவர்களுக்குக் கேக் வாசனை வருமாம், எனக்கு இந்த வாடைதான் வருகிறது.

செகந்திராபாத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் அப்பாவின் கார் நின்றது. மௌலா அலியில் ரயில்வே வேலை பார்த்த அப்பாவுக்கும் பந்தயக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று சபையில் கேட்காதவர்கள் இல்லை. ஆஸ்திரேலியா போன ஒரு ஆங்கிலோ-இந்தியக் குடும்பம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போன சிவப்பு வண்டி அது. தரையோடு தரையாக இருக்கும், இரண்டே சீட்டு. வீட்டில் நாங்கள் நாலு பேர். ஒரு சீட்டு அப்பாவுக்கு என்றால் மிச்சம் இருப்பது ஒன்று. அதற்கு நானும் தங்கை எஸ்தரும் அடித்துக்கொள்வோம். அம்மா அந்தப் போட்டிக்கே வந்ததில்லை. வண்டிக்கு அவள் வைத்த பெயர் "சக்களத்தி".

அந்த வருஷ மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்து, போடுகிற ஃபியூஸெல்லாம் எரிந்துபோக ஆரம்பித்தது. டாஷ்போர்டுக்கு உள்ளே ஒயரும் ஒயரும் சேருகிற இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பூட்டை மெக்கானிக்குகள் "கப்ளர்" என்பார்கள். அதையெல்லாம் கழற்றிப் பச்சைக் களிம்பைத் துடைத்தால் தீரும் என்றார் அப்பா. ஆனால் வயசான பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. ஒரு லாக் ஒடிந்தாலும் மாற்றுக் கிடைக்காது, வண்டி அப்படியே கோழிக்கூடு ஆகிவிடும். அதற்குமேல் எங்கள் இருவருக்கும் சண்டை மூட்டுவது போல ஒரு வார்த்தையும் சொன்னார்: "வேலை செஞ்ச கைக்குத்தாம்ளா கிறிஸ்மஸுக்குச் சீட்டு."

வேலை எஸ்தர் கைக்குப் போனது. சின்னக் கை, டாஷ்போர்டுக்கு அடியில் சுலபமாக நுழையும். அப்பா சாவியை எடுத்துவிட்டு, ஜெபம் பண்ணி, மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தருவார். பேட்டரியில் மோதிரம் பட்டால் விரல் வெந்துவிடுமாம். பிறகு பேட்டரியின் எர்த் ஒயரை முதலில் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கிவைப்பார். அதன்பின்தான் எஸ்தர் உள்ளே போவாள். "ஒயரப் புடிச்சு இழுக்காத, கப்ளரப் புடி. மொதல்ல உள்ள தள்ளு, லாக்கு தளரும், அப்புறம் அமுக்கி எடு" என்று அவர் குனிந்து சொல்லுவதும், அவள் "சரிப்பா, சரிப்பா" என்பதும், நான் மோதிரத்தோடு மரம் மாதிரி நிற்பதும். குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடினாலும் எனக்கு அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் தெரிந்தது.

எனக்குக் கிடைத்த இன்னொரு வேலை, பிளாஸ்டிக் இளகுவதற்கு வெந்நீர்ப் பை கொண்டுவருவது. ஒரு சொட்டும் உள்ளே விழக்கூடாது என்று அப்பா மூடியை முறுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். அடுப்படியில் அம்மா முணுமுணுத்தபடியே தண்ணீர் சுடவைப்பாள். "சக்களத்திக்கு ஒத்தடமா? எனக்கு இடுப்பு ஒடிஞ்சு கெடந்தப்ப இந்த மனுசன் ஒரு டம்ளர் வெந்நீர் வச்சிருப்பாரா?" நான் சிரித்தேன். அவளும் என்னைப் போலவே எரிந்துகொண்டிருக்கிறாள் என்று அப்போது உறைக்கவில்லை.

எல்லாம் கழன்று ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதன் லாக் இன்ஜின் பக்கத் தகட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கீழிருந்து எஸ்தர் விரல் லாக்கைத் தொட்டது, ஆனால் இழுக்க எட்டவில்லை. ரேடியோ இருந்த ஓட்டை வழியாக இன்னொரு கை போகவேண்டும். அப்பா கை நுழையவில்லை. "ரூத்து, நீ வா" என்றார்.

"அக்கா, இழுத்துராத. உள்ள தள்ளு, நான் அமுக்குறேன்" என்றாள் எஸ்தர்.

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க, கை பேசட்டும்" என்றார் அப்பா.

தள்ளினேன். அவள் அமுக்கினாள். ஒடிகிற சத்தம் கேட்கும் என்று பயந்திருந்தபோது, கப்ளர் பூப்போல என் கைக்கு வந்தது. கழற்றியது யார் என்பதில் அன்றிலிருந்து கிறிஸ்மஸ்வரை வீட்டில் சண்டை. அப்பா துடைத்து, மாட்டி, கடைசியாக எர்த் ஒயரைப் பூட்டினார், விளக்கு எரிந்தது. சீட்டு யாருக்கு என்று மட்டும் வாய் திறக்கவில்லை.

கிறிஸ்மஸ் காலை புது கவுனோடு இருவரும் இடித்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினால், இடது சீட்டில் பட்டுச்சேலையும் மடியில் வேதாகமமுமாக அம்மா. அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஏங்க, வெந்நீர் வச்ச கை யாருது?" என்றாள். அப்பா ஏறி வண்டியைக் கிளப்பினார்.

கோயில்வரைக்கும் நாங்கள் ஆட்டோவில் பின்னால் போனோம். முன்னே அம்மாவின் முந்தானை ஜன்னலுக்கு வெளியே பறந்தது. சிக்னலில் அப்பா என்னவோ சொல்ல, அவள் அவர் தோளில் அடித்துச் சிரித்தாள். வீட்டில் அப்படி அவள் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. "அக்கா, நம்மளத் திரும்பியே பாக்கல பாத்தியா" என்றாள் எஸ்தர். அவள்மேல் இருந்த பொறாமை அங்கேயே போய்விட்டது. அம்மாமேல் அதைவிடப் பெரியது ஒன்று வந்து உட்கார்ந்தது.

இப்போது அந்த ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடை. வண்டியை ஒருவர் வாங்கிப் போனார். அப்பாவும் அம்மாவும் கர்த்தரிடத்தில் சேர்ந்தார்கள். என் வீட்டுக்காரர் வைத்திருப்பது ஐந்து பேர் போகிற கார். போன கிறிஸ்மஸுக்குக் கோயிலுக்குக் கிளம்பும்போது நான் முன்சீட்டை விட்டு இறங்கி, "யாராவது ஒருத்தி முன்னால வந்து உக்காருங்கடி" என்று மகள்களைக் கூப்பிட்டேன்.

"நக்கோ மம்மி, வேணாம்" என்றாள் பெரியவள், செல்போனிலிருந்து தலை நிமிராமல். "சார்ஜர் பின்னாடிதான் இருக்கு." சின்னவள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள். கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். போட்டிக்கு யாரும் வரவில்லை.