மெலனியின் அப்பா நடித்த படம்

யோன் மன்னாரில் கடற்றொழில் செய்தவர். மகள் மெலனி தவழத் தொடங்கியிருந்த நேரம் படகேறி ஆஸ்திரேலியா வந்தார். மனைவி கமலினியையும் பிள்ளையையும் பிறகு கூப்பிடலாம் என்று நினைத்திருந்தார். நிரந்தர விசா கிடைக்கவேயில்லை. தற்காலிக விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து, மெல்பேர்ணின் ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஊருக்கோ வேறு நாட்டுக்கோ போனால் திரும்பி வர விடமாட்டார்கள். அப்படியே பன்னிரண்டு வருடம் போய்விட்டது.

அந்த வருடம் ஹொலிவூட் நிறுவனம் ஒன்று அகதிகளைப் பற்றிப் படமெடுக்க மெல்பேர்ண் வந்தது. கூட்டத்தில் நிற்க ஆட்களைச் சேர்த்துக்கொடுத்த நிதுஷன், யோனையும் கூட்டிப்போனார். பெரிய தண்ணீர்த் தொட்டியில் படகு மிதந்தது. மற்றவர்கள் கமராவைப் பார்த்தார்கள். யோன் பழக்கதோஷத்தில் அலையைப் பார்த்தார். அதைக் கவனித்த இயக்குநர், மகளைத் தூக்கிக்கொண்டு கரையேறும் தகப்பன் வேடத்தை அவருக்கே கொடுத்தார்.

மகளாக நடித்தவள் ஹரிப்பிரியா, ஆறு வயது, மெல்பேர்ணில் பிறந்தவள். அந்த வயதில் மெலனியை யோன் போனில்தான் பார்த்திருக்கிறார். நனைந்த பிள்ளையை அணைத்துக்கொண்டு நடந்தவர், சட்டை நுனியால் அவள் தலையைத் துடைத்தார். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. இயக்குநர் "கட்" சொன்ன பிறகும் இறக்கிவிடவில்லை. ஹரிப்பிரியாவின் அம்மா வந்து, "அண்ணா, அவளைக் குடுங்க" என்று கேட்டபோதுதான் கை தளர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

லொஸ் ஏஞ்சலிஸில் முதல் காட்சிக்கு அழைப்பு வந்தது. ஹரிப்பிரியா பெற்றோரோடு போனாள். யோன் வேலைக்குப் போனார்.

படம் கொழும்புக்கு வந்ததும் கமலினி மகளைக் கூட்டிப்போய்க் காட்டினார். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் யோன் போன் எடுத்தார்.

"படம் பாத்தனீங்களோ மகள்?"

"ஓம்."

"அப்பா எப்பிடி?"

"பக்கத்தில இருந்த ஆக்கள் எல்லாரும் அழுதவை. எனக்குக் கோவம்தான் வந்தது."

"ஏனம்மா?"

"அந்தப் பிள்ளைக்குத் தலை துடைச்சு விட்டனீங்கள். எனக்கு அப்பிடி ஒண்டும் ஞாபகமே இல்லையப்பா."

சொல்லிவிட்டு அவள் போனைத் தாயிடம் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகும் பேசுவாள். சாப்பிட்டாச்சு, படிச்சாச்சு, அவ்வளவுதான்.

இன்னொரு படத்துக்கு நிதுஷன் வந்து கேட்டார். அதுவும் தகப்பன் வேடம், வசனங்கூட இருந்தது.

"பிள்ளையில்லாத ஆள் வேணுமெண்டால் சொல்லுங்கோ தம்பி, வாறன்" என்றார் யோன்.

நிதுஷன் பிறகு கேட்கவில்லை.