பூனைக்கும் மாலை போட்ட வீடு

என் கணவர் சபரிமலைக்கு மாலை போட்ட கொஞ்ச நாளிலேயே எங்கள் பூனை சாமியறையில் மூத்திரம் பெய்தது. அதுவும் விளக்குக்கு முன்னால், நான் துடைத்துக் கோலம் போட்டிருந்த இடத்தில். ஒரு தேக்கரண்டி அளவுதான் இருக்கும். ஆனாலும் சாம்பிராணி வாசத்தையும் மீறி அந்த நாற்றம் மூக்கில் ஏறியது.

அதுவரை அந்தப் பூனையைக் குறை சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் எங்கள் வீட்டுப் பின் விறாந்தையில் பழைய பிளாஸ்டிக் பேசினில் மரத்தூள் நிரப்பி வைத்திருப்போம். குட்டியிலிருந்தே அதில்தான் போகும். "இந்த வீட்ல ஒழுங்கா பாத்ரூம் போற ஆம்பள இது ஒண்ணுதான்" என்று கணவரைக் கேலி செய்வேன்.

மாலை போட்டதும் வீடே மாறிவிட்டது. அவர் 'சாமி' ஆனார். கறுப்பு வேட்டி, இரண்டு வேளையும் பச்சைத் தண்ணீர்க் குளியல், தரையில் பாய். மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வெளியே வைத்தேன். அதுவரை பூனைக்குத் தினமும் சாளை மீன் அவித்து, அந்தத் தண்ணீரோடேயே சோற்றில் பிசைந்து வைப்பது வழக்கம். விரத வீட்டில் அது எப்படி நடக்கும்? வேலை முடிந்து வரும்போது கண்டி டவுனில் பூனை பிஸ்கட் ஒரு பை வாங்கி வந்தேன். காய்ந்த பிஸ்கட், கையும் நாறாது, கோப்பையும் நாறாது. அதிலும் மீன் இருக்கிறதா என்று பையைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்காதவரைக்கும் தீட்டு இல்லை என்பது என் கணக்கு.

சாமியறைக்குப் பிறகு குளியலறைத் தரையில் பெய்தது. அடுத்தது அவருடைய கறுப்பு வேட்டி. எல்லாம் சொட்டுச் சொட்டாகத்தான். மரத்தூளில் போய் வெகுநேரம் குந்தியிருக்கும், ஒன்றுமே போகாமல் எழுந்து வரும், பிறகு வேறெங்காவது போய் நனைக்கும். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டுமென்றே செய்கிறது, மீன் நிறுத்திய கோபத்தை இப்படிக் காட்டுகிறது என்று முடிவு கட்டினேன். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேட்பார்கள். நான் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே இருட்டில் இருந்தேன்.

மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கை மஞ்சளாகிப் போனது. பக்கத்து வீட்டு அக்கா வேறு, "வெரதத்துல ஏதோ கொறை இருக்கு, அதான் இப்படிக் காட்டுது" என்று சொல்லி வைத்தாள். மலைக்குப் போகிறவருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். விளக்குமாற்றை எடுத்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

"அடிக்காத. வாயில்லாத ஜீவன்" என்றார் கணவர்.

"நீங்க சாமி, ஒங்களுக்குத்தான் கோவம் வரக்கூடாது. நான் மாலை போடல" என்றேன்.

கடைசியில், அவர் பல்லேகலைக்கு வேலைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, பூனையைச் சந்தையில் விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். மீன் தலையாவது கிடைக்குமே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். எங்கள் தெருவில் த்ரீவீல் ஓட்டும் தம்பியைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினேன். பூனை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பையில் போட வயிற்றில் கை கொடுத்துத் தூக்கினேன். வயிறு மாங்காய்போல் கல்லாக இருந்தது. அது கத்திய கத்தல் பூனைச் சத்தமாகவே இல்லை. என் கையில் இரண்டு சொட்டு ஈரம் பட்டது, இளஞ்சிவப்பாக.

"சந்தைக்குத்தானே அக்கா?" என்றான் தம்பி.

"இல்லப்பா. மிருக டாக்டர்கிட்ட போ. வெரசா போ."

டாக்டர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறியது.

"மூத்திரப் பாதை அடைச்சுப் போச்சு. இண்டைக்குக் கொண்டு வராட்டில் செத்திருக்கும். என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

"பிஸ்கட் மட்டுந்தான் டாக்டர். வீட்ல அவரு மாலை போட்டிருக்காரு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "மாலை போட்டது அவர். பூனைக்கு ஆர் போட்டது?"

ஆண் பூனைகளுக்கு இது வருவதுண்டு, காரணம் பல, ஆனால் ஈரச் சாப்பாட்டை நிறுத்திக் காய்ந்ததை மட்டும் கொடுத்தால் உடம்பில் தண்ணீர் குறைந்து இன்னும் மோசமாகும் என்று அவர் விளக்கினார். குழாய் செருகிக்கொண்டே, "உங்களோட கோவிச்சுப் பெய்யேல்லை. மரத்தூளில இருக்கேக்க நொந்திருக்கும். அந்த இடந்தான் நோவைத் தருது எண்டு நினைச்சு வேற இடம் தேடியிருக்கு" என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வலியில் இடம் தேடி அலைந்த உயிரை ஒவ்வோர் இடத்திலும் துரத்தித் துரத்தி அடித்திருக்கிறேன். அதுவும் சாமி பெயரைச் சொல்லி. அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கவே வெட்கமாக இருந்தது. அழுதேன், ஆனால் அழுகையால் ஒன்றும் கழுவப்படவில்லை.

அன்று மாலை எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னேன், சந்தைக் கதை உட்பட. அவர் திட்டவில்லை. மறுநாள் கழுத்தில் மாலையோடேயே மீன்காரரிடம் போய் நின்று சாளை வாங்கி வந்தார். தெருவே பார்த்தது. "நோயாளிக்கு வாங்குறதுல என்ன தீட்டு? வெளிய வச்சு அவி" என்றார். மழையில் தகரத்துக்குக் கீழே அடுப்பு மூட்டி அவித்தேன்.

அவர் மலைக்குப் போய் நல்லபடியாகத் திரும்பியும் வந்துவிட்டார். பூனையும் தேறிவிட்டது, மரத்தூளில்தான் போகிறது. தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லி ஐயப்பனிடம் கேட்டுவிட்டேன், அவர் பொறுத்திருப்பார். பூனையிடம் எந்த மொழியில் கேட்பது? நான் சோற்றைப் பிசைந்து வைத்தால் அது கதவோரம் நின்று என்னையே பார்க்கும், கிட்ட வராது. நான் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் நக்கிச் சாப்பிடும் சத்தம் கேட்கும்.