சரிதாவின் பெண் குழந்தை

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவள் நான். ஒரு படி தவிட்டைக் கொடுத்து ஒரு பெண் குழந்தையை வாங்கினேன் என்று தெரிந்தால் பங்குச்சாமியார் என்ன சொல்வாரோ, எனக்குத் தெரியாது. நானாகப் போய்ச் சொல்லவும் இல்லை. சொன்னால்தானே வம்பு.

வாங்கச் சொன்னவள் சரிதா. எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். தொழிலாளர் லைன் வீடுகளில் எனக்குப் பக்கத்து வீடு. அவள் தாத்தா காலத்தில் சிலோன் தோட்டத்திலிருந்து வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பம். நான் எஸ்டேட் குழந்தைக் காப்பகத்தில் ஆயா. சிலோன் குடும்பங்கள் இன்னும் அதைப் பிள்ளை மடுவம் என்றுதான் சொல்லும். தாய்மார்கள் காலையில் மலை ஏறுவதற்கு முன் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். இருபத்திரண்டு வருடமாக ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தே என் பொழுது கழிகிறது. கல்யாணம் செய்துகொள்ளவும் நேரமில்லாமல் போய்விட்டது என்று கேட்பவர்களுக்குச் சொல்வேன்.

சரிதாவுக்கு முப்பது வயது இருக்கும். வாய் ஓயாது. அவள் எந்தக் காட்டில் பறிக்கிறாள் என்பதைப் பனிமூட்டத்திலும் சிரிப்புச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மேஸ்திரி வேலுசாமியை அவர் முன்னாலேயே நடித்துக் காட்டுவாள். அவரும் சிரித்துத் தொலைப்பார். காலில் அட்டை கடித்தால் அந்த அட்டையிடமே சண்டைக்கு நிற்பாள். இப்பேர்ப்பட்டவள் தன் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற விஷயத்தில் மட்டும் பதினோரு மாதத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. நாலு வருடத்துக்கு முன் அவளுக்கு முதல் பெண் பிறந்தது. எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டது. அவள் புருஷன் பாலகுமார், பறித்த கொழுந்தை ஃபேக்டரிக்கு ஏற்றிப் போகும் பிக்கப் ஓட்டுகிறான். எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை பிறந்தால் வண்டியின் முன்கண்ணாடியில் பெயரை ஒட்டியாக வேண்டும். குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்போதே, இவன் 'மகிழினி' என்று மஞ்சள் எழுத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டான். லைன் முழுக்க ஹாரன் அடித்துக் காட்டினான். பத்தொன்பதாம் நாள் குழந்தை போய்விட்டது.

ஸ்டிக்கரை அவன் எடுக்கவில்லை. எடு என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்துக்குத் தினமும் இரண்டு வேளை அந்தப் பெயர் வந்து நிற்கும். சரிதா மூட்டையை இறக்கிவிட்டு, வண்டியின் பின்பக்கமாகவே சுற்றிப் போவாள்.

அதற்குப் பிறகு ஒன்று ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. அடுத்துதான் இந்தப் பெண். நிறை மாதத்தில், ஊட்டி ஆஸ்பத்திரியில், மூன்று கிலோவுக்குக் குறையாமல் பிறந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே சரிதா என் வாசலில் நின்றாள்.

"அக்கா, இவளை நீங்க வாங்கிக்கங்க."

"பைத்தியமாடி உனக்கு?"

"எங்க ஆளுக வழக்கந்தான்க்கா. முந்தினது தங்கலேன்னா அடுத்ததைக் குப்பையில போட்டு, தவிட்டுக்கு வித்துடணும். வித்துட்டா அது என் புள்ள இல்ல. யாரும் கண்ணு வைக்க மாட்டாங்க. எமனும் தேடி வர மாட்டான்."

"நான் வேதக்காரிடி, கழுத்துல சிலுவை போட்டவ."

"அதான் நல்லது. உங்க வீட்டுக்கு எங்க எமனுக்கு வழி தெரியாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பிள்ளையை என் பக்கமாக நீட்டியே வைத்திருந்தாள். அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை.

வாங்கலாம்தான், தவிட்டுக்கு எங்கே போவது? தேயிலை மலையில் நெல் ஏது? ரேஷன் அரிசி தின்கிற ஊர் இது. கடைசியில் எங்கள் லைன் இசக்கியம்மா தன் மாட்டுக்கு வைத்திருந்த கோதுமைத் தவிட்டில் ஒரு படி கேட்டு வாங்கினேன். கோதுமைத் தவிடு செல்லுமா செல்லாதா என்று லைனில் அரை நாள் பட்டிமன்றம் நடந்தது. பிறகு குப்பைமேட்டில் புதுத் துண்டை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினார்கள். நான் தவிட்டைக் கொடுத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன். வாங்கினவள்தான் கூப்பிடும் பெயர் வைக்க வேண்டுமாம். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை, அதனால் தவுட்டாயி என்று வைத்தேன். எமனுக்குப் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதானே.

ராத்திரி படுக்கத்தான் தாய்வீடு. மற்ற நேரமெல்லாம் தவுட்டாயி என் காப்பகத்தில் வளர்ந்தாள். மதியம் பால் கொடுக்க சரிதா ஓடி வருவாள். "இந்தா", "இங்க பாரு", "ஏய் குட்டி". இதைத் தாண்டி அவள் வாயிலிருந்து ஒரு பெயரும் வராது. நான் வைத்ததையும் சொல்ல மாட்டாள், வேறு ஒன்றையும் வைக்க மாட்டாள். தடுப்பூசி அட்டையில் 'சரிதாவின் பெண் குழந்தை' என்றே இருந்தது. ஊசி போடப் போகும்போதெல்லாம் நர்ஸம்மா பெயர் கேட்பார். சரிதா அடுத்த தடவை சொல்கிறேன் என்பாள்.

பிறந்து ஒரு வருடத்துக்குள் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்த்துவிட்டால் அலைச்சல் இல்லை. நாள் நெருங்கவும் பாலகுமார் என்னிடம் வந்தான்.

"மகிழினின்னே வச்சிடலாம்க்கா. அவதான் திரும்பி வந்திருக்கா. நீங்க சொன்னா சரிதா கேப்பா."

எனக்கு மண்டை குழம்பியது. அழகான பெயர், வீணாக ஏன் போக வேண்டும்? எங்கள் கோயிலில் எத்தனையோ செத்துப்போன புனிதர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறோம், யாரும் தயங்குவதில்லை. இந்தப் பெயருக்கு மட்டும் நான் ஏன் தயங்குகிறேன்? வாங்கினவள் நான் என்றால் முடிவும் நான்தான் சொல்ல வேண்டுமா? அந்தப் படித் தவிட்டை மாட்டுக்கே போட்டிருக்கலாம் என்று ஆத்திரமாக வந்தது. போய்ச் சரிதாவையே கேட்டேன்.

"தெரியலக்கா," என்றாள். "மகிழினின்னு கூப்பிட்டா எவ திரும்பிப் பாப்பாளோன்னு பயமா இருக்கு. கூப்பிடலேன்னா அவளை மறந்துட்ட மாதிரி இருக்கு. தவுட்டாயின்னு கூப்பிட்டா வித்தது வித்ததுதான்னு ஆயிடுமோன்னு இருக்கு. நான் என்னக்கா செய்யட்டும்?"

எனக்கு மட்டும் தெரியுமா என்ன? பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு வருடம் முடிய ஆறு நாள் இருக்கும்போது மூவரும் லீவு போட்டுவிட்டுப் பிள்ளையோடு ஊட்டியில் பிறப்புச் சான்றிதழ் ஆபீசுக்குப் போனோம். பாலகுமார் விண்ணப்பத்தை முந்தின நாளே எழுதி வைத்திருந்தான். பெயர் என்ற இடத்தில் மகிழினி. சரிதா அதைப் பார்த்தாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சரிதான், விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

கவுன்டரில் இருந்த அம்மா கோயமுத்தூர்ப் பக்கம் போல. காகிதத்தைப் புரட்டிக்கொண்டே சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"ஏனுங்க, இது மொதக் கொழந்தைங்களா?"

"ஆமாங்க," என்றான் பாலகுமார்.

"இல்லைங்க," என்றாள் சரிதா. "இவ சின்னவ. மூத்தவ பேரு மகிழினி."

நாலு வருடத்தில் அந்தப் பெயரை அவள் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பாலகுமார் அவளையே பார்த்தான்.

"அப்போ அக்கா பேரையே தங்கச்சிக்கும் எழுதியிருக்கறீங்க?" என்றார் அந்த அம்மா.

பாலகுமார் கவுன்டருக்குள் கையை நீட்டினான். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கினான். அடித்து எழுதப் போகிறான் என்று நினைத்தேன். அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முழங்கையால் முகத்தைத் துடைத்தான். புது விண்ணப்பம் ஒன்று கேட்டான். அந்த அம்மா வேறு எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

"சின்னவ பேரு சொல்லுங்க," என்றார்.

பிள்ளை என் இடுப்பில் உட்கார்ந்து என் கழுத்துச் சிலுவையைக் கடித்துக்கொண்டிருந்தாள். சரிதா அவளையே பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவைதான் வந்தது.

"தவுட்டாயி."

பிள்ளை சிலுவையை விட்டாள். குரல் வந்த பக்கம் திரும்பி, அம்மாவிடம் போக இரண்டு கையையும் நீட்டினாள். சரிதா அவளை வாங்கிக்கொண்டாள்.

"இதையே எழுதுங்க," என்றாள் புருஷனிடம்.

பெயர் வைத்தவள் நான்தான். ஆனாலும் எனக்குப் பகீர் என்றது.

"அடியே, அது எமனை ஏமாத்த வச்ச பேரு. ஸ்கூல்ல கிண்டல் பண்ணியே புள்ளைய அழ வச்சிடுவாங்கடி!"

"பண்ணட்டும்க்கா. கிண்டல் பண்ற வயசுக்கு இவ வரட்டும். அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்து, ஏன்டி இந்தப் பேரு வச்சேன்னு என்னை அடிக்கட்டும். அப்புறம் புடிச்ச பேரா அவளே மாத்திக்கட்டும்."

பாலகுமார் பேனாவைத் திறந்தான். அவன் எழுதி முடிக்கும்வரை சரிதா பிள்ளையை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.