புளி போட்டுத் தேய்த்த ரோமானியக் காசு

1988 மே 14, சனிக்கிழமை. அரியலூரில் எங்கள் வீட்டில் காலை வழக்கம்போலத்தான் தொடங்கியது. குழாயில் தண்ணீர் வந்தது. அம்மா குடங்களை நிரப்பினாள். ரயில்வே ஸ்டேஷனில் இரவு வேலை முடிந்து வந்த அப்பா, குளித்து, பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். எனக்குக் கோடை விடுமுறை. அத்தை மட்டும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் அவளைப் பெண் பார்க்கப் பெரம்பலூரிலிருந்து வருவதாக இருந்தார்கள்.

அத்தை, அப்பாவின் தங்கை. இன்ஸ்டிடியூட்டில் டைப் அடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். கெட்டியான கண்ணாடி போட்டிருப்பாள். அது இல்லாவிட்டால் கிட்டத்தில் உள்ள எழுத்து அவளுக்குத் தெரியாது. இதற்குமுன் வந்து பார்த்தவர்கள், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, கண்ணாடிதான்…" என்று இழுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் இந்தத் தடவை கண்ணாடியே கூடாது என்று அப்பா தீர்மானித்திருந்தார். காலையிலேயே அம்மா அதைக் கேட்டு வாங்கி பீரோவுக்குள் வைத்தாள்.

அத்தைக்கு அப்போது ரோமானியக் காசுப் பைத்தியம் பிடித்திருந்தது. தங்கம், வெள்ளி இல்லை. அதற்கெல்லாம் யாரிடம் பணம்? கரூர் ஆற்று மணலைச் சலித்து எடுக்கும் சின்னச் செப்புக் காசுகள். என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. திருச்சியில் ஒரு பழைய நாணயக்காரர் அவற்றைப் பிடி கணக்கில் விற்றார். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக் காசு இவ்வளவு மலிவா என்று நான் முதலில் நம்பவில்லை.

"பழசுன்னா வெல வந்துடுமாடி? இது அந்தக் காலத்துச் சில்லறை. மூட்டை மூட்டையா அடிச்சிருக்கான். முகம் தெரிஞ்சா ஒரு வெல, ராஜா பேரைப் படிக்க முடிஞ்சா அதுக்கு மேல. மொத்தையா இருந்தா ஒண்ணுமில்ல" என்றாள் அத்தை.

அத்தையும் நானும் சேர்ந்துதான் பார்ப்போம். என் ஜியாமெட்ரி பெட்டி ஸ்கேலால் குறுக்களவு எடுப்போம். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தலையில் முத்துப் பட்டையா இலை வளையமா, பின்பக்கம் சிப்பாயா சிலுவையா என்று பார்த்து, ஒவ்வொரு காசையும் ஒரு காகித உறையில் போட்டு, மேலே விவரமும் பென்சிலில் விலையும் எழுதுவோம். உறைகள் பறக்காமல் இருக்க, சுண்ணாம்புக்கல் குழியிலிருந்து யாரோ அப்பாவுக்குக் கொடுத்த நத்தைக் கல்லை வைத்திருந்தோம். நத்தையே கல்லாகிப்போனது அது. அதன் வயது என்ன என்று எங்கள் இருவருக்குமே கேட்கத் தோன்றியதில்லை.

எல்லாவற்றிலும் நல்லது ஒரே ஒரு காசு. முத்துப் பட்டை கட்டிய தலை. பின்பக்கம் இரண்டு சிப்பாய்கள், நடுவில் ஒரு கொடி. பெயரில் ஏழு எழுத்துகள் வரை படித்துவிட்டோம். சிக்கல் என்னவென்றால், அண்ணன் தம்பி இரண்டு ராஜாக்களுக்கு ஏழாவது எழுத்து வரை ஒரே பெயர். எட்டாவதில்தான் பிரிவார்கள்: ஒருவருக்கு வளைந்த எழுத்து, மற்றவருக்கு மேலே நேர்கோடு போட்ட எழுத்து. அந்த எழுத்தின் மேல் மண் கட்டியிருந்தது. அதை ஊற வைக்க அத்தை ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் ஊற்றி, காசைப் போட்டு, அடுப்படி ஜன்னலில் வைத்திருந்தாள். செம்பின் மேல் படிந்த பச்சைத் தோலை மட்டும் தொடக் கூடாது, முகத்தையும் எழுத்தையும் காப்பாற்றுவது அதுதான் என்று என்னிடம் பல தடவை சொல்லியிருந்தாள். அம்மாவிடம் சொல்ல விட்டுப்போயிற்று.

அன்று மதியம் அம்மா குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தாள். கடைசியில் ஜன்னலில் இருந்த கிண்ணத்தைப் பார்த்திருக்கிறாள்.

"களிம்பு ஏறிக் கெடந்துச்சு. இந்தா, தங்கமாட்டம் ஆக்கி வச்சிருக்கேன்" என்று அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள்.

காசு பளபளவென்றிருந்தது. கண்ணாடி இல்லாத அத்தை அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "பாத்துச் சொல்லுடி." மூக்கு மழுங்கியிருந்தது. சிப்பாய்கள் இரண்டு குச்சிகளாகியிருந்தார்கள். எழுத்துகள் இருந்த இடம் வழவழவென்றிருந்தது. சொன்னேன்.

"என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றாள் அத்தை. அழுதாள். நல்ல நாளும் அதுவுமாக இப்படிச் செய்துவிட்டேனே என்று அம்மாவும் அழுதாள். நான் முறைப்படி, உறையில் இருந்த விலையை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன்.

பெரம்பலூர்க்காரர்கள் வந்தபோது அத்தையின் கண்கள் சிவந்திருந்தன. மாப்பிள்ளை பெரம்பலூரில் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். அவருடைய அம்மா முந்தின நாள் சிறுவாச்சூர் கோயிலில் பூப் போட்டுச் சாமியிடம் உத்தரவு கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். அத்தையைப் பார்த்ததும், "ஏம்மா, கண்ணு ஏன் செவந்திருக்கு? இஷ்டமில்லாம உக்கார வச்சிருக்காங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

அப்பாவின் முகம் வெளுத்தது. நான்தான் பதில் சொன்னேன்.

"இல்லீங்க. அத்தையோட ரோமானியக் காசை எங்கம்மா புளி போட்டுத் தேச்சுட்டாங்க."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "பாக்கலாமா?" என்று கையை நீட்டினார். நான் ஓடிப்போய் உறையோடு கொண்டுவந்தேன். அவர் காசை எடுத்து, நடுவில் கட்டை விரலை வைத்து அழுத்திப் பிடித்தார்.

"அப்படிப் புடிக்காதீங்க, ஓரத்தப் புடிங்க" என்றாள் அத்தை. அன்று அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"இது என்ன பெறும்ங்க?"

"நேத்துக் கேட்டிருந்தா எதாவது சொல்லியிருப்பேன். இன்னிக்கு ஒண்ணும் பெறாது."

அவர் ஜன்னலருகே போய், வெயிலில் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "சாய்ச்சா நெழல் மாதிரி என்னமோ எழுத்து தெரியுதே" என்றார். அவ்வளவுதான், அத்தை எழுந்துவிட்டாள். என்னைப் பார்த்து, "பீரோவுல என் கண்ணாடி இருக்கு, எடுத்துட்டு வாடி" என்றாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அத்தை அத்தனை பேர் முன்னிலையிலும் அதை மாட்டிக்கொண்டாள்.

"ஓ, பொண்ணு கண்ணாடி போடுமா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து ஒரு கூட்டை எடுத்தார். "நானும் போடுறதுதானே. நீதானம்மா பஸ் ஸ்டாண்டுல கழட்டி உள்ள வையின்ன?" என்று சொல்லி, தன் கண்ணாடியையும் போட்டுக்கொண்டார். என் அம்மா சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினாள். அந்த அம்மாவும் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

எட்டாவது எழுத்து வளைந்திருக்கிறது என்றார் மாப்பிள்ளை. மேலே நேர்கோடு இருக்கிறது என்றாள் அத்தை. கேசரி ஆறிப்போகும் வரை இருவரும் அந்த ஜன்னலில் நின்று, மழுங்கிப்போன ஒரு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டா, அடுத்த பஸ்ஸையும் வுட்றலாமா?" என்று அவருடைய அம்மா இரண்டு தடவை கேட்டார்.

புறப்படும்போது மாப்பிள்ளை, "எங்க ஸ்கூல் லேப்ல மைக்ராஸ்கோப் இருக்கு. இத எடுத்துட்டுப் போயிப் பாத்துட்டு, நானே கொண்டாந்து தரேன்" என்றார். அத்தை சரி என்று தலையாட்டினாள். அவர் காசை மட்டும் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டார். உறை என் கையில் நின்றுவிட்டது.

எனக்கு ஆறவில்லை. தேய்த்த காசுக்கு விலை கிடையாது என்பது விதி. விலையில்லாததை ஒருவர் கேட்டு வாங்கிப் போகிறார் என்றால், ஒன்று அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அல்லது எங்களுக்குத் தெரியாத எதுவோ தெரிந்திருக்கிறது. வாத்தியாருக்கு ஒன்றும் தெரியாமல் இருக்காது. ஆகவே அவர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினேன். சாப்பிடும்போது அத்தையிடம் சொன்னேன்: "அவரு திருப்பித் தர மாட்டாரு பாரு. கோடை லீவுல ஸ்கூல் லேப் பூட்டியில்ல இருக்கும்?"

"ஆமாம்ல?" என்றாள் அத்தை. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை, பல் கூடத் துலக்காமல், அத்தை செய்த முதல் வேலை நத்தைக் கல்லை நகர்த்தி அந்தக் காலி உறையை எடுத்தது. என் ரப்பரைக் கேட்டு வாங்கி, நான் போட்டிருந்த பூஜ்யத்தைச் சுத்தமாக அழித்தாள். அந்த இடத்தில் எதையும் எழுதாமல், உறையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கல்லை ஏற்றினாள்.

"வெல போடலியா அத்தை?"

"இருடி. மொதல்ல வரட்டும்."

எட்டாவது எழுத்துக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் பல் துலக்கப் போனேன்.